பச்சத்தண்ணி

ஜன்னலோரம் போய் விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உதறி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறாள். ஒரு நொடிதான். "காப்பி," என்கிறாள். விரிப்பு இடது பக்கக் கூடைக்குப் போகிறது. அடுத்தது. "உதட்டுச் சாயம்." அடுத்தது. "மறுபடி காப்பி. இந்த ஆளு குடிச்சானா, குளிச்சானா?"

இஸ்திரி மேசையில் நிற்கும் அக்கா சிரிக்கிறாள். பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். சுற்றிலும் ஆவியும் இரைச்சலும். கூரையை ஒட்டினாற்போல் ஒரே ஒரு நீள ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். அந்த வெளிச்சத்தில்தான் மேலே இருக்கும் அத்தனை அறைகளின் கதையையும் அவள் படித்துவிடுகிறாள்.

அவள் பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். எல்லோருக்கும் அவள் 'பச்சத்தண்ணி'. ரத்தக் கறைக்கு அவள் வைத்திருக்கும் ஒரே மருந்து அது. "சுடுதண்ணி ஊத்தினே, தொலைஞ்சே. கறை வெந்துபோய்த் துணியிலேயே குடித்தனம் பண்ணும். சுடச்சுடப் புதுசா இருக்கும்போதே பச்சத்தண்ணில போடு. வந்ததே தெரியாமப் போயிடும்." வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்த உபதேசத்தைக் கேட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். மேனேஜர் உட்பட.

இன்னொரு பழக்கமும் உண்டு. மேலே சமையல்கட்டிலிருந்து ஒரு டம்ளர் நிறைய ஐஸ் வாங்கி வந்து நாள் முழுக்கக் கடிப்பாள். கடக், முடக், கடக். மெஷின் ஓய்ந்தாலும் அந்தச் சத்தம் ஓயாது.

"அது என்ன பல்லாடி, பாறாங்கல்லா?"

"வெக்கையா இருக்குக்கா. இது வாய்க்குள்ள போனாத்தான் உசிரே வருது."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

வீட்டுக்காரர் அதே ஓட்டலின் துணி வேனை ஓட்டுகிறார். கல்யாணமாகி முதல் குழந்தை, பெண். பிரசவம் லேசானதில்லை. செத்துப் பிழைத்தாள் என்று சும்மா சொல்வோமே, அவள் நிஜமாகவே அப்படித்தான். குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "அடுத்ததை நீங்க பெத்துக்குங்க. நான் வேன் ஓட்டறேன்."

அதனால் இருவரும் பேசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசிக்குப் போனார்கள். நர்ஸம்மா தெளிவாகத்தான் சொன்னார். "தீட்டு முன்னப் பின்னப் படும். சிலருக்கு நின்னே போயிடும், சிலருக்குச் சொட்டுச் சொட்டா வந்துக்கிட்டே இருக்கும். பயப்படாதே. நிறையப் போச்சுன்னா மட்டும் உடனே வந்துடு."

நிறைய என்றால் எவ்வளவு? அவள் கேட்கவில்லை. அவளிடம்தான் சொந்தமாக ஓர் அளவு இருந்ததே! அலசியதும் போய்விட்டால், கொஞ்சம். அலசியும் போகாமல் நின்றால், நிறைய. தொழிலில் அப்படித்தான்.

ஓட்டலில் கிழிந்துபோன பழைய விரிப்புகளை வெட்டித் துணியாக வைத்துக்கொண்டாள். நனைந்ததும் மாற்றுவாள், மாற்றியதும் அலசுவாள். ஒரு துணிகூடக் காய்ந்து கறை பிடித்ததில்லை, அவளுக்கா பிடிக்கும்! வீட்டுக்குப் பின்னால் கொடியில் அவை வரிசையாகப் பளிச்சென்று தொங்கும். வேன்காரர்தான் எடுத்து மடித்து அலமாரியில் வைப்பார். குழந்தைத் துணி என்று நினைத்துக்கொண்டு.

அடுத்தடுத்த ஊசிக்குப் போனபோதும் நர்ஸம்மா கேட்டார், எப்படி இருக்கிறது என்று. "கொஞ்சம் படுதுங்க, அவ்வளவுதான்," என்றாள். அளவுப்படி அது உண்மை. உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதிகப்பிரசங்கித்தனமாக எதையாவது சொல்லப்போய் ஊசியை நிறுத்திவிட்டால்? மறுபடி அந்தப் பிரசவ அறையா?

ஒரு நாள் மதியம் விரிப்பைத் தூக்கிப் பிடித்தவள் ஒன்றுமே சொல்லவில்லை.

"என்னடி, வாய் நிறைய ஐஸா?" என்றாள் இஸ்திரி அக்கா.

"அக்கா... இது என்ன கறைன்னே தெரியலக்கா. முழுசாக் கறுப்பா இருக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். விரிப்பில் ஒரு பொட்டுக் கறை இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைவிட வெள்ளையாக இருந்தது அவள் முகம். விரிப்போடு சேர்ந்து அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். தூக்கி நிறுத்தப் போன அக்கா, அவளுடைய சீருடையின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! எத்தனை நாளாடி இது?"

"பாப்பா குப்புற விழ ஆரம்பிச்சதுல இருந்து. நடுநடுவுல நிக்கும்கா, அப்புறம் வரும்."

அக்கா அவளைத் தாங்கிப் பிடித்தாள். "பாப்பா இப்போ நடக்குதேடி!"

ஆஸ்பத்திரியில் விரலைக் குத்தி ரத்த அளவு பார்த்தவர் மெஷின்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்து வேறு மெஷினில் மறுபடி குத்தினார். இரண்டும் ஒன்றையே சொல்லின. டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு எப்படிம்மா நின்னே?"

"நின்னுக்கிட்டேதாங்க வேலை. அங்க உக்கார இடமில்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஐஸ், மண்ணு, இப்படி எதையாவது கடிக்கத் தோணுதா?"

பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "ஐஸ் கடிப்பா டாக்டர். நாங்க எல்லாரும் கேலி பண்ணிச் சிரிச்சோம்."

"உடம்புல இரும்புச்சத்து வத்திப்போனா அப்படிக் கேக்கும்." அவள் பக்கம் திரும்பினார். "ஊசி போட்டா முன்னப் பின்னப் படும், சரி. இந்த அளவுக்குப் போனா ஊசி மட்டும்தானா, உள்ள வேற ஏதாவதான்னு பாக்கணும். எவ்வளவு போகுது?"

"கொஞ்சந்தாங்க."

"துணி முழுக்க நனையுமா?"

"நனையுங்க. ஆனா அலசினாப் போயிடும்."

டாக்டரம்மாவின் பேனா அப்படியே நின்றது. அவள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு அவசரமாகக் கேட்டாள். "ஊசியை நிறுத்திடுவீங்களா?"

"புள்ள வேணாங்கிறதுக்கு எத்தனையோ வழி இருக்கும்மா. நீ ஒருத்திதான் இருக்கே." சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். "அடுத்த தடவை மாத்தும்போது அலசாதே. அப்படியே கொண்டுவந்து காட்டு."

இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்த வேன்காரருக்கு மூச்சு வாங்கியது. "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னத்தைச் சொல்றது? போயிடுதே."

அவர் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார். "அந்தக் கொடித் துணியெல்லாம்...?"

அவள் தலையாட்டினாள். கட்டில் விளிம்பைப் பிடித்தபடி அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். குழந்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. "நான்தானே மடிச்சு வெச்சேன்," என்று அதனிடம் சொல்வதுபோல் சொன்னார்.

ஏற்ற வேண்டிய ரத்தம் வர நேரமாகும் என்றார்கள். அவள் கழிவறைக்குப் போனாள். வாசலில் அக்கா காவல். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா கதவைப் படபடவென்று தட்டினாள். "ஏய் பச்சத்தண்ணி! தண்ணிச் சத்தம் கேக்குதுடி!"

கொஞ்ச நேரம் தண்ணீர் கொட்டியது. பிறகு நின்றது.

கதவு திறந்தது. டாக்டரம்மா வார்டின் நடுவில் நின்றிருந்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. அக்கா ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, தள்ளாடித் தள்ளாடி ஜன்னலோரம் போனாள். துணியின் இரண்டு முனைகளையும் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினாள். அலசாத துணியில் வெள்ளை எங்கேயும் இல்லை. வழக்கமாக ஆகும் ஒரு நொடி கடந்தது. இன்னும் கொஞ்ச நேரமும் கடந்தது.

"நிறைய," என்றாள்.