தெருமுனையில் ஏன் அழ வேண்டும்?

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூசுகிறவள், என் மகளின் ஆல்பத்தைப் பற்றி அவள் முகத்துக்கு நேரே குறை சொன்னேன். அதைத்தான் எழுதுகிறேன்.

மகளுக்குச் சித்தூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருச்சானூருக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு லாட்ஜுக்குப் பின்னால் அறை எடுத்து, மூன்று நண்பர்களோடு பாடுகிறாள். பாடுகிறாள் என்று நான் சொல்கிறேன், கேட்டவர்கள் கத்துகிறாள் என்பார்கள். திராஷ் மெட்டல் என்று ஒரு வகைப் பாட்டாம். இரண்டு கித்தாரும் டிரம்மும் ஒன்றையொன்று துரத்தும், நடுவில் இவள் அடித்தொண்டையிலிருந்து குரல் எழுப்புவாள். முதல் ஆல்பத்தை வெளியே விடுவதற்கு முன்னால் என்னையும் என் மகனையும் அழைத்துப் போட்டுக் காட்டினார்கள்.

மூன்றாவது பாட்டில்தான் சண்டை வந்தது. குடிபாலா பக்கம் எங்கள் ஊரில் ஜாத்திரைத் திருவிழாவுக்குக் கெங்கம்மா சாமி ஊர்வலம் வரும். எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிவிடும். நிலமில்லாத கூலிக்காரர் தெரு என்று உள்ளே வராது. நாங்கள் முனையில் நின்றே கும்பிட வேண்டும். பாட்டில் என் மகள் அம்மனைப் பார்த்து, "உள்ள வாடி!" என்று கத்துகிறாள். ஜாத்திரையில் வேஷம் கட்டினவர்கள் அம்மனை இதைவிட மோசமாகத் திட்டுவார்கள், அது வேண்டுதல். அதனால் எனக்கு அது தப்பாகப் படவில்லை.

மகனுக்குத்தான் முகம் செத்துப்போனது. "எம்மா, நான் திருப்பதியில வாடக வூட்ல கீறேன். நாம எந்தத் தெருன்னு ஓனருக்குத் தெரியாது. இவ என் கூடப் பொறந்தவன்னு அவருக்குத் தெரியும், இத்தக் கேட்டா தெருவும் தெரிஞ்சிடும். இந்த ஒரு பாட்ட எடுக்கச் சொல்லு."

"தெரிஞ்சா இன்னா? திருடிக்கினா வந்த?" என்றாள் மகள்.

"நீ கத்திட்டுப் பூடுவ. வூட்டத் தேடிக்கினு அலையறது நானு. அம்மாவே சொல்லட்டும்."

எப்போதும்போல நான் அவன் பக்கம் தலையாட்டுவேன் என்று நினைத்துவிட்டான். நான் பாட்டுகளைப் பற்றி மனதில் பட்டதைச் சொன்னேன்.

"மொதல் ரெண்டும் நல்லா கீது. ஒடம்பு தானா ஆடுது. அஞ்சாவது சும்மா இழுத்துக்கினு போவுது. டிரம்மு அடிக்கிற அடியில நீ சொல்றது ஒண்ணும் கேக்கல."

டிரம் அடிக்கிற பையன் சிரித்தான். "அது அப்டித்தான் ஆயா."

"அப்பறம் இன்னாத்துக்கு வார்த்த எழுதினீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மகன் மட்டும் சிரிக்கவில்லை. நான் மகள் பக்கம் திரும்பினேன். "மூணாவது நெருப்பு மாதிரி ஓடுது. தெருமுன வந்ததும் ஏன் வேகத்த நிறுத்தி அழுவுற?"

"அங்கதாம்மா சாமி திரும்புது. சோகமான எடம்."

"எவ சொன்னா சோகம்னு? அங்க பம்பை நிக்காது. நாங்க கூப்புடறது கேக்கக் கூடாதுன்னு இன்னும் வேகமா அடிச்சிக்கினு தாண்டிப் போவும். எனக்குக் கோவம்தான் வரும். நீ அழுதா கேக்கறவன் பாவம்னுவான். அவன் பாவம் நமக்கு எதுக்கு?"

பிறகு மகனிடம் சொன்னேன். "பாட்டு இருக்கட்டும் நைனா. ஓனரு காலி பண்ணச் சொன்னா என் வூட்டுக்கு வா."

வாங்கி வைத்திருந்த பிரியாணியைத் தின்னாமலே அவன் போய்விட்டான். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான். ஓனர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் அந்தப் பாட்டை எடுக்கச் சொல்ல மாட்டேன்.

ஆல்பம் வந்துவிட்டது. அழுகிற இடத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், முழுக்க எடுக்க மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் குறைதான் என்பேன்.

இழுத்துக்கொண்டு போகிற பாட்டு ஐந்தாவதா ஆறாவதா, கித்தார் இரண்டா மூன்றா, எனக்கு நிச்சயமில்லை. தெரிந்த யாராவது பார்த்துத் திருத்துங்கள். தெருமுனையைப் பற்றி எழுதியதில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே நின்றவள் நான்.