எதிர்ப்பக்கத்து அறை

மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பை அவள் மடித்து அடுக்கினால் ஓரம் ஒரு நூல்கூடப் பிசகாது. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். கூச்ச சுபாவம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். வாயைத் திறந்தால் வாடை வரும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். பிளீச்சிங் பவுடரின் நெடிதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

துணியை இயந்திரத்தில் போடும் முன் பைகளைத் துழாவிப் பார்ப்பது அவள் வேலை. பேனா வரும், மாத்திரை வரும், ஒருமுறை பல்செட்டே வந்தது. ஒருநாள் ஒரு நோயாளியின் சட்டையிலிருந்து நாலாக மடித்த சீட்டு வந்தது. குடியை விட நினைப்பவர்கள் நூலக மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடுகிறார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை என்று அதில் இருந்தது. கிடைத்த எதையும் மேற்பார்வையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். சீட்டை அவள் ஒப்படைக்கவில்லை.

மூன்று வாரம் அது கைப்பையின் அடியிலேயே கிடந்தது. பிறகு ஒரு காலையில் மகள் தன் தண்ணீர் பாட்டில் என்று நினைத்து அம்மாவின் பாட்டிலை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். இவள் தெருமுனை வரை ஓடிப்போய்ப் பிடுங்கினாள். மகள் ஏன் என்று கேட்கவில்லை. தன் பாட்டிலை வாங்கிக்கொண்டு நடந்தாள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிறு, கூடுதல் ஷிப்ட் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். நூலக மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்று குடிப்பவர்களுக்கு, மற்றது அவர்கள் வீட்டாருக்கு. கதவுகளில் எழுதி ஒட்டியிருந்ததை இரண்டு முறை படித்தாள். சரியான கதவில்தான் கையும் வைத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்தப் பக்கம் ஆம்பளைங்க உக்காந்திருக்காங்கம்மா. நம்ம ரூம் இது. யாரு, வீட்டுக்காரரா?"

கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு தையல்காரம்மா நின்றிருந்தார். கண்ணில் அத்தனை இரக்கம். இல்லை, நான்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

ஆறு வாரம் வீட்டார் அறையில் உட்கார்ந்தாள். "அவரு மாவு டப்பாவுல ஒளிச்சு வைப்பாரு. பிள்ளையோட ஸ்கூல் மீட்டிங்க மறந்து தூங்கிட்டாரு" என்று தான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆளை மட்டும்தான் மாற்றினாள். அழுகை உண்மையான அழுகை. தையல்காரம்மா முதுகைத் தடவிக்கொடுக்கும்போது உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கூச்சம் போக ஒரு வாய் குடித்தாள்.

கணவர் டவுன் பஸ் ஓட்டுநர். சோடா குடித்தாலே ஏப்பம் விட்டு அவஸ்தைப்படுகிற மனிதர். ஒரு மாலை அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஒரு தையல்காரம்மா பஸ்ல ஏறினாங்க. நீ பஸ் ஸ்டாண்டுல எனக்கு சாப்பாட்டு டப்பா கொண்டாந்து குடுத்தத முன்னாடியே பாத்திருக்காங்க போல. 'தம்பி, உங்க குடியால சம்சாரம் படுற பாடு எங்களுக்குத் தாங்கல. ஞாயித்துக்கிழமை லைப்ரரி மாடில எதிர் ரூமுக்கு வாங்களேன்'னாங்க. பஸ் முழுக்க ஆளு."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"சரிங்கம்மா, வர்றேன்னேன்." காலணியின் கயிற்றை அவிழ்த்தார். "நாலு பேரு அங்கயே இறங்கிட்டாங்க. யாரோ டிப்போவுக்கு போன் போட்டுட்டாங்க. இனிமே தினம் காலைல, குடிச்சிருக்கேனான்னு பாக்கற குழாய்ல ஊதினாத்தான் பஸ் சாவி. டிப்போ பசங்க, 'என்னண்ணே, இன்னைக்கு எத்தனை ரவுண்டு'ங்கறானுங்க."

"நான் போய்ச் சொல்லிடறேங்க."

"வேணாம். குடிகாரன்ங்கற பேரு எனக்கே இருக்கட்டும். நீ போறத மட்டும் நிறுத்திடாத."

திட்டியிருக்கலாம். ஒரு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. மாவு டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், எழுந்துபோய்த் திறக்கவில்லை.

ஞாயிறன்று இருவரும் சேர்ந்து மாடியேறினார்கள். தையல்காரம்மா முகம் மலர்ந்து ஓடிவந்தார். "வாங்க தம்பி, வாங்க. வர்றதே பெரிய விஷயம். நீங்க இந்தப் பக்கம்."

அவர் மறுபேச்சில்லாமல் குடிப்பவர்களின் கதவை நோக்கி நடந்தார். கைப்பிடியில் கை வைத்தும் விட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, அவரு உங்க பக்கம்." பிடித்த சட்டையை அவள் விடவில்லை. "குடிக்கறது நான். நான் சொன்னது எல்லாம் நான் பண்ணதுதான்."

தையல்காரம்மாவின் கை அளவு நாடாவைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றது. அந்த முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ தேநீர்க் கோப்பையை நீட்டினார்கள். "இப்பதான் வந்தீங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏழு வாரமாச்சு" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் எதிர் அறையில் கணவரின் குரல் கேட்டது. முதலில் தயங்கி, பிறகு நிற்காமல். அவர் இவ்வளவு நேரம் பேசி அவள் கேட்டதேயில்லை. வார்த்தைகள் காதில் விழவில்லை. விழ வேண்டிய அவசியமுமில்லை. ஆறு வாரமாக அங்கே உட்கார்ந்து அதையெல்லாம் அவளேதான் சொல்லியிருந்தாள். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. எழுந்து போகவும் இல்லை.