முகமூடி அவளுக்குப் பெரிது

“கருங்கீரி செத்தது போதும் சார். அடுத்த இஷ்யூல எழுப்பிடுங்க.”

முதலாளி மூர்த்தி, கதை எழுதும் என்னிடம் இதைச் சொன்னபோது காலை பத்தரை. இடம், செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் காமிக்ஸ் அலுவலகம். கருங்கீரி எங்கள் சூப்பர் ஹீரோ. பதினோரு ஆண்டுகள் அந்த முகமூடியைப் போட்டிருந்த ரகுவை முந்தைய இதழில் கொன்றிருந்தோம். முகமூடி, பட்டான்செரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்யும் சலோமியிடம் போயிருந்தது. வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

சலோமியை உருவாக்கியவர் ஓவியர் ஜெஸ்ஸி; செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அட்டையில் அவர் பெயர் வந்த முதல் தொடர் இது. ரகு எழுந்தால் சலோமி போவாள். ஜெஸ்ஸி மறுபடி பிறர் படங்களுக்கு வண்ணம் பூசப் போவார்.

“கைக்கு சார்? ஒரே ஒரு இஷ்யூதானே வந்திருக்கு?” என்றார் ஜெஸ்ஸி. ‘கைக்கு’ என்றால் ஏன்; அவர் தமிழில் ஊர் உருது கலந்து வரும்.

“ஒண்ணுக்கே இவ்ளோ திட்டு. படிச்சுப் பாரும்மா.”

படித்தோம். நான் முன்பு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். வாசகர் கடிதத்தில் வசவை ஒதுக்கிவிட்டு விஷயத்தைத் தேடுவது பழக்கம். பொம்பளை எதற்கு என்று கேட்டவர்கள் சிலர்தான். பலருடைய புகார் ஒன்றே: முகமூடி போட்டதும் சலோமியைக் காணோம், ரகு வந்துவிடுகிறான்.

பிழை என்னுடையது. எங்களிடம் ‘தலை ஃபைல்’ என்று ஒன்று உண்டு. முகமூடி போட்ட தலை, நாற்பது கோணங்களில். உடம்பை மட்டும் வரைந்து, தலையை அதிலிருந்து எடுத்து ஒட்டுவோம். அச்சுக்கு நேரமாகிறது என்று சலோமிக்கும் அதையே ஒட்டச் சொன்னது நான். ரகுவின் தாடை, ரகுவின் கழுத்து.

முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். “சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அப்புறம் ரகு எழுந்துருவான்,” என்றார்.

ஜெஸ்ஸி அடுத்த இதழின் முதல் பக்கத்தை எடுத்து, ஒட்டிய தலைகளை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தார். ரகுவுக்குத் தைத்த முகமூடி சலோமிக்குத் தொளதொளவென்று இருந்தது. திருடனைத் துரத்தும்போது கண் துளை மூக்குக்கு இறங்கியது. மூன்றாம் கட்டத்தில் அவள் நின்று, பேக்கிங் ஹாலில் முடி உதிராமலிருக்கப் போடும் வலைத்தொப்பியை எடுத்து, முகமூடிக்கு மேல் மாட்டி இறுக்கினாள். நான் எழுதியிருந்த வீர வசனத்தை அடித்துவிட்டு, “டேய் நில்லுடா, கண்ணு தெரியல!” என்று போட்டேன்.

ஐந்து மணிக்கு முதலாளி பார்த்தார். மூன்றாம் கட்டத்தில் சிரித்துவிட்டார்.

“இது ரகு இல்ல. சரி, அவன் செத்தே இருக்கட்டும். அடுத்த இஷ்யூல மாஸ்க்கை ஒரு டைலர்கிட்ட குடுத்துடலாமா?”

“நக்கோ சார், வேணாம்,” என்றார் ஜெஸ்ஸி. “இன்னும் கொஞ்ச நாள் நழுவட்டும்.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆள் மாறிவிட்டதைக் கதையில் அறிவிப்பது சுலபம். நம் கை பழைய ஆளையே தேடிப் போகும், அதைத்தான் கவனிக்க வேண்டும். அன்று கிளம்புமுன் தலை ஃபைலைத் திறந்தேன். அழிக்க மனம் வரவில்லை. பெயரை மட்டும் மாற்றினேன்: ‘ரகுவின் தலை’.