பொட்டு வெச்ச செவுரு

கட்டடத்துக்கு பிளான் போட்டுத் தர்ற பொழப்பு இருக்கே, நல்லா வந்தா மேஸ்திரியோட கைராசி, சொதப்பினா நம்ம பிளானு. இதே பொழப்புல மாட்டிக்கினவங்களுக்கு நான் சொல்லவே வேணாம்.

செல்போன்ல இன்கமிங் ஃப்ரீ ஆன புதுசு. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்ல முன்ன கம்பி குடோனா இருந்து காலியா கெடந்த ஷெட்ல, ஒரு பக்கம் ஏறி விளையாடுற செவுரு, மறுபக்கம் விசேஷத்துக்கு ஹாலுன்னு கட்டச் சொன்னாரு மொதலாளி. "ஆயுத பூஜைக்கு வந்து பாப்பேன். ஜனம் ஏறினா சரி. இல்லாட்டி மறுபடி கம்பி அடுக்கிடுவேன்"னாரு. ஆறு மாச உழைப்பு, அவ்ளோதான்!

மேல இன்னா கீது?

மேஸ்திரி ஏகாம்பரம் தொண்டையைச் செருமாம ஒரு வார்த்தை பேச மாட்டாரு. செவுத்துல கலர் கலரா கல்லு மாதிரி பிடி முடுக்கணும், இடுப்புல கயிறு கட்டிக்கினு அதப் புடிச்சி ஏறணும்னு வெளக்கினேன்.

"ஹ்ர்ம்... மேல இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல. ஏறிட்டு எறங்கணும்."

பிளானைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஹ்ர்ம்... எறங்குறதுக்கு இன்னாத்துக்கு சார் ஏர்றான்?"

மொத பாராட்டு

ஹால்ல மொத விசேஷம் ஒரு வளைகாப்பு. நல்ல கூட்டம். செவுத்துல ஒருத்தரும் ஏறல. ஆனா ஒரு பிடி காலியில்ல: ஹேண்ட்பேக்கு, டிபன் கேரியர், கொழந்தையோட ஸ்வெட்டரு. மீஞ்சூர்லேர்ந்து வந்த ஒரு அம்மா என் கையைப் புடிச்சிக்கினாங்க. "மண்டபத்துல பை மாட்ட ஒரு ஆணி இருக்காது தம்பி. நீ செவுரு பூரா வெச்சிருக்கியே, நல்லா இருப்பே!"

பூஜை அன்னிக்கி

காலைல போனா, ஏகாம்பரம் ஏணி போட்டு ஒரு பிடி உடாம சந்தனம், குங்குமம் வெச்சிட்டு நிக்கிறாரு. "ஹ்ர்ம்... ஸ்பேனருக்கே வெக்கிறோம், இதுக்கு வெக்கலன்னா இன்னா நெனச்சிக்கும்?"

பக்கத்து கம்பெனி பேக்கிங் செக்ஷன்லேர்ந்து இருபது பேரை ஏறக் கூட்டியாந்திருந்தேன். கயிறு கட்டியாச்சு, மொதலாளி வந்தாச்சு, ஒருத்தனும் காலை எடுத்து வெக்கல. "பொட்டு வெச்ச கல்லை மிதிக்கச் சொல்றியே சார், கண்ணு அவிஞ்சிடும்"ன்றான் ஒருத்தன். மொதலாளி போனை எடுத்து கம்பி லாரிக்காரனைக் கூப்புடுறாரு.

அப்பதான் வரிசைல நின்ன சரோஜா, பொதட்டூர்பேட்டைக்காரப் பொண்ணு, ஒரு சத்தம் போட்டுச்சு. "திருத்தணில படி பூஜைக்கு ஒவ்வொரு படிக்கும் மஞ்ச குங்குமம் வெக்கிறாங்களே, அன்னிக்கி இன்னா பறந்தா போறீங்க?" துப்பட்டாவ இடுப்புல கட்டுச்சு. மொத பிடியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு ஏறுச்சு பாருங்க, பின்னாடியே மொத்த வரிசையும்! பிடிக்குப் பிடி ஒத்திக்கினு, அரை மணி நேரத்துக்கு ஒரு ஆளு.

மொதலாளி அண்ணாந்து பாத்துக்கினே இருந்தாரு. "லாரி வேணாம்பா"ன்னு போனை வெச்சிட்டு, என் காதுகிட்ட வந்து மெதுவா கேட்டாரு. "செருப்ப எங்க உடறது?"

செருப்பு ஸ்டாண்டு வெக்க மறந்துட்டேன்னு இன்னிக்கி வரைக்கும் திட்டு வாங்குறேன், திட்டுறதுக்கு ஜனம் வருதே, அது போதுங்க.