மோடத்துக்கு ஒரு மேஸ்திரி

லோர்ன் ஃப்ரீசனுக்கு முடிவெடுப்பது என்றாலே காய்ச்சல் வந்துவிடும். மதியம் பெரோகிக் கொழுக்கட்டையா சூப்பா என்று கேட்டால், இரண்டிலும் உள்ள உப்பை ஒப்பிட ஆரம்பிப்பான். கனடாவின் சஸ்கட்டூனில் எங்கள் சின்னக் கம்பெனியில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. நான் சாலிடரிங் செய்கிறவன், அவன் யோசிக்கிறவன். சம்பளம் யோசனைக்குத்தான் அதிகம்.

அந்த வருடம், பனி தள்ளும் லாரிகள் எங்கே நிற்கின்றன என்று நகராட்சிக்குக் காட்டும் கருவியைச் செய்யும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. லாரியில் ஒரு மோடம் இருக்கும். செல்போன் மாதிரி அது தகவல் அனுப்பும். எதை, எப்போது அனுப்ப வேண்டும் என்று அதற்குச் சொல்ல ஒரு மைக்ரோகண்ட்ரோலர் வேண்டும், எங்கள் பேச்சில் சிப்பு. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு லோர்னுடையது.

அறுவடை முடிந்தது, ஆறு உறைந்தது, லோர்ன் இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். ஒரு சிப்பு குளிர் தாங்காதாம். இன்னொன்றில் நினைவகம் போதாதாம். வேறொன்று தூங்கும்போது மின்சாரமே குடிக்காது என்று உருகினான்.

"லாரி பேட்டரியைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். அதுல கொசு வாய் வச்சா என்னப்பா குறைஞ்சிடும்?" என்றேன்.

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

முதலாளி டார்லாவுக்கும் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை சிப்பு பேரைச் சொல்லுங்க லோர்ன். இல்லேன்னா மேசையைக் காலி பண்ணிடுங்க."

லோர்னுக்கு ஐம்பத்தெட்டு வயது. இனி எவன் வேலை கொடுப்பான்? பாவமாகத்தான் இருந்தது. ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் மேற்பார்வையாளர் பதவி, அவன் போனால் எனக்குத்தான் என்பதும் ஞாபகம் வந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை அவன் வாய் திறப்பதற்குள், மோடம் விற்கிறவர் வந்து சேர்ந்தார். "தனியா சிப்பு எதுக்குங்க? மோடத்துக்குள்ளேயே ஒண்ணு இருக்கு. உங்க புரோகிராமை அதுலயே போட்டுக்கலாம். கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கே!"

ஊரிலுள்ள சிப்புகளின் கையேட்டையெல்லாம் படித்த லோர்ன், மோடத்தின் கையேட்டைத் திறந்தே பார்க்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப இத்தனை மாசமா என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்றாள் டார்லா.

லோர்ன் மோடத்தைக் கையில் எடுத்தான். "அதில்ல டார்லா... மோடம் பாதியில நின்னுட்டா?"

"நின்னுட்டா?"

"தட்டி எழுப்ப ஒருத்தர் வேணுமில்ல? சிப்பு வேலை செய்ய வேண்டாம். மோடம் வேலை செய்யுதான்னு பார்த்துக்கிட்டிருந்தா போதும்."

விற்கிறவர் தலையைச் சொறிந்தார். "நிறையப் பேர் அப்படி வைக்கிறாங்கதான்" என்று ஒப்புக்கொண்டார். டார்லாவின் முகம் மலர்ந்தது. இருப்பதிலேயே மலிவான சிப்பை வாங்கினோம். நகராட்சியிடம் அதற்கு இரட்டைப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லி விலையையும் ஏற்றினோம்.

குளிர்காலம் முழுக்க ஒரு மோடம்கூட நிற்கவில்லை. சிப்பு பார்த்துக்கொண்டே இருந்தது. வந்த பாராட்டெல்லாம் சிப்புக்கு.

வசந்தத்தில் டார்லா மேற்பார்வையாளரை அறிவித்தாள். "லோர்ன் மாதிரி முன்யோசனை வேற யாருக்கு இருக்கு?" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். வயிறு எரிய நானும் தட்டினேன்.

இப்போது என் மேசைக்கு எதிரே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறான். நேற்று காப்பியை ஒரு வாய் குடிக்கலாம் என்று வேலையிலிருந்து கையை எடுத்தேன். கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டினான்.

"என்னப்பா, நின்னுட்ட?"