தல்யதீயாவும் மறுதாம்பும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். தோல் வெட்டும் புது மெஷினைப் பொருத்திக் கொடுக்கப் போர்ச்சுக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அமிர்தி அருவியைக் காட்டிவரச் சொல்லி என்னையும் கம்பெனி டிரைவரையும் அனுப்பினார்கள்.

கணியம்பாடி தாண்டியதும் அவர் காரை நிறுத்தச் சொன்னார். சாலையோரம், வெட்டி முடித்த தைலமரத் தோப்பு. அடிக்கட்டைகளைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகத் துளிர்கள். “தல்யதீயா” என்றார், சொந்தக்காரரைப் பார்த்துவிட்டவர்போல. நான் இறங்குவதற்குள் ஒரு கட்டையருகே குனிந்து துளிர்களை ஒடிக்கத் தொடங்கிவிட்டார்.

தோப்புக்காரம்மா வேகமாக வந்தார். “யாருங்க அது, எங்க தோப்புல இன்னா பண்றாரு?”

எங்கள் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் என்றேன். அந்த அம்மா குனிந்து கட்டையைப் பார்த்தார். “நல்லா வளரட்டும்னு ரெண்ட மட்டும் விட்டிருக்காரு. வெவரம் தெரிஞ்சவருதான். ஆனா காத்து வர்ற பக்கத்து துளிரைத்தான் விடணும். அப்பதான் காத்து தள்ளுனா கட்டை மேலயே சாஞ்சிக்கும், பிச்சிக்காது.”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மெக்கானிக் கன்னத்தைத் தடவிக்கொண்டு, தன் அப்பாவும் இதையேதான் சொல்வாரென்றும் தான் மறந்துவிட்டதாகவும் சொன்னார். ஊரில் அவர்களுக்கும் தைலமரத் தோப்பு உண்டாம். கட்டையைக் காட்டி மறுபடி “தல்யதீயா” என்றார்.

“அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்?” என்று கேட்டார் தோப்புக்காரம்மா.

டிரைவர் முந்திக்கொண்டார். “தழை அடியில வருதில்ல, தழையடி. தமிழ்தாம்மா அது. ஜன்னல், சாவி மாதிரி நம்மகிட்டர்ந்துதான் போயிருக்கும்.”

ஜன்னலும் சாவியும் அங்கிருந்து இங்கே வந்தவை என்றேன். டிரைவர் நம்பவில்லை.

மெக்கானிக் விளக்கினார். ‘தல்யார்’ என்றால் வெட்டுவது. சட்டைக்குத் துணி வெட்டுவதற்கும் அதே சொல்தான். அதிலிருந்து பிறந்தது தல்யதீயா: மரத்தை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து மறுபடி வளரவிடும் முறை. நாள் முழுக்க வெட்டுகிற செக்‌ஷனில் இருப்பவள் நான். வெட்டு என்ற சொல்லுக்குள்ளிருந்து துளிர் வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

“நாங்க மறுதாம்புன்னு சொல்லுவோம்” என்றார் அம்மா. மெக்கானிக் அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். ‘ம்பு’ மட்டும் வரவேயில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பிறகு நால்வருமாக மூன்று வரிசைத் துளிரை ஒடித்தோம். டிரைவர்தான் எல்லோரையும்விட வேகம். அமிர்திக்குப் போனபோது நேரம் முடிந்து கேட்டைச் சாத்தியிருந்தார்கள். மெக்கானிக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. பசிக்கிறது என்றார். வேலூரில் நிறுத்தி வயிறாரச் சாப்பிட்டோம்.