ஓரடி தொங்கிய கயிறு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் ஒரு தப்புக் கணக்கால் ஒரு உயிர் போயிருக்கும். கணக்கு போட்டவன்... நான்தான்.

பக்கத்து வீட்டு ஏழுமலை பட்டு நெய்கிறவர். பாதி நாள் தறியில் உட்காருவது அவர் மனைவி சரளா. உட்காருகிறவர் தலைக்கு நேர் மேலே ஜக்கார்டு பெட்டி - சேலையில் டிசைன் விழவைக்கும் சாதனம். நாற்பது கிலோ! அதைத் தாங்கும் மரச்சட்டம் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. புதுச் சட்டம் வரும்வரை ஒரு பாதுகாப்புக்கு, பெட்டியைக் கயிற்றால் உத்தரத்தோடு கட்டினார் ஏழுமலை.

தாங்குமா என்று என்னைக் கேட்டார். பிளஸ் டூ ஃபிசிக்ஸ் டியூஷன் எடுக்கிறவன் ஆயிற்றே! கயிறு நூறு கிலோ தாங்குமாம். பெட்டி நாற்பதுதான். தாராளமாகத் தாங்கும் என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

கயிறு ஓரடி தொளதொளவென்று தொங்கியதையும் பார்த்தேன். கேட்டதற்கு, "இழுத்துக் கட்டினா அறுந்துடும் சார்" என்றார். வேலை முடிந்ததும், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூலைத் தளர்த்திவிட்டு எழுந்திருக்கிற கை அது. விறைப்பாகவே விட்டால் பட்டு இழை தாங்காது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

செவ்வாய் மதியம் சட்டம் முறிந்தது. பெட்டி ஓரடி விழுந்தது. கயிறு விறைத்து, பட்டென்று அறுந்தது. பெட்டி போய் விழுந்தது சரளா உட்காரும் பலகையில். குறுக்கு நூல் சுற்றிய தார்க்குச்சியில் நூல் தீர்ந்து, வேறு தார் எடுக்க அப்போதுதான் எழுந்திருந்தார்.

தொங்குவது வேறு, விழுவது வேறு. தேங்காயைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கலாம். மரத்திலிருந்து அதே தேங்காய் விழுந்தால்? ஓரடி விழுந்ததை ஓர் அங்குலத்தில் நிறுத்தச் சொன்னால், கயிறு தாங்க வேண்டியது எடையைப் போல் பதின்மூன்று மடங்கு. அரை டன்! வருஷா வருஷம் போர்டில் எழுதுகிறேன்... எழுதி என்ன?

இரண்டு நாள் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. வெட்கமாக இருந்தது. புதுச் சட்டம் வந்த அன்று நானே போய், கயிற்றைத் துளியும் தொய்வில்லாமல் கட்டவைத்தேன். இனி பயமில்லை என்று கணக்கோடு விளக்கினேன். சரளா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அன்னிக்கும் கணக்குதான் சொன்னீங்க சார். தெனமும் அதுக்கடியில உக்காந்துகினு நெய்யறவ நானு. மொதல்ல நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை!